ஏ.சி. பாயின்ட் இருக்கா அங்கிள்?

வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிறது படப்பை. கொஞ்சம் தள்ளிப் போனா ஒரகடம். 2010-ல் ரெனோ - நிஸான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று அங்கே தொழிற்சாலைகள் வரிசை கட்ட, இந்தப் பக்கம் மாடி போர்ஷனுக்கெல்லாம் மவுசு!

வீடு பார்க்க வர்ற பசங்க வாடகையை மட்டும் கேட்கறதில்லை. "ஏ.சி. பாயின்ட் இருக்கா அங்கிள்? வெஸ்டர்ன் டாய்லெட் போட்டுத் தருவீங்களா?" நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுப் பகலில் தூங்கறவங்களுக்கு ஏ.சி. ஆடம்பரம் இல்லை பாஸ், தூக்கம்! ஆனா ஓனருக்கு வேற பயம்: "செலவு பண்ணின பிறகு மூணே மாசத்தில் காலி பண்ணிட்டா?"

'பார்க்கலாம் தம்பி' என்று சொல்லி மறந்துபோற ஓனர், அட்வான்ஸைக் கொடுத்துட்டு முழிக்கிற குடித்தனக்காரர்... இந்தச் சண்டையே வேண்டாம்னா ஒரு கேள்வி போதும். கேட்கிற வசதி வீட்டோட இருக்குமா, ஆளோட போகுமா?

ஏ.சி. மெஷின் ஆளோட போகும். குடிவர்றவரே வாங்கட்டும். ஆனா, ஒயரிங் வீட்டோட இருக்கும். ஒன்றரை டன் ஏ.சி. சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட லைனில் மாட்டினா ஒயர் சூடாகும். தனி லைன், தனி எம்.சி.பி., சரியான எர்த்திங் வேணும். இது ஓனர் செலவு. அடுத்து வர்றவருக்கும் உதவுமே! டாய்லெட்டும் இதே கதைதான்.

செலவை வாடகையில் ஏத்தலாமா? பேசி ஏத்தலாம். ஆனா கணக்குப் போடுங்க. 22,000 ரூபாய் செலவுக்கு மாசம் 1,000 ஏத்தினா 22 மாசம் ஆகும். அக்ரிமென்ட்டோ 11 மாசம்! மீதிப் பாதியையும் இப்ப வர்றவர் தலையில் கட்டறது நியாயமில்லை. அது வீட்டோட நிக்கிற சொத்து.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசியிருந்தால் தவிர, வெள்ளையடிப்பு, பைப், ஒயரிங் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச் ரிப்பேர் குடியிருப்பவர் பொறுப்பு. குடிவந்த பிறகு புது வசதி செய்தால், வாடகை எவ்வளவு ஏறும் என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி முடிச்சிருக்கணும்.

அதனால அட்வான்ஸ் கைமாறும் முன்னாடி அஞ்சு வரி எழுதிடுங்க. என்ன வேலை, எந்தத் தேதிக்குள், யார் செலவு, வாடகை எவ்வளவு, காலி பண்ணும்போது எதைக் கழட்டிட்டுப் போகலாம்.

'தேதியெல்லாம் போட முடியாது தம்பி' என்றால்... அடுத்த வீட்டைப் பாருங்க!