உங்களுக்குத் தெரியுமா? தென்காசியின் ‘அந்நியன் பாறை’

தென்காசிக்கு அருகே உள்ள சுந்தரபாண்டியபுரத்தில், நடிகர்களின் முகங்கள் தீட்டப்பட்ட ஒரு பாறைக்குன்று இருக்கிறது. ஷங்கர் இயக்கி 2005 ஜூனில் வெளியான ‘அந்நியன்’ படத்தின் பாடல் காட்சிக்காகக் கலை இயக்குநர் சாபு சிரில் குழுவினர் வரைந்தவை அவை. எம்.ஜி.ஆர்., ரஜினிகாந்த் போன்றோரின் முகங்கள் அதில் இடம்பெற்றன. பாறைக்கு ‘அந்நியன் பாறை’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. குற்றாலத்துக்குச் சீசனில் வருவோர் இதையும் பார்த்துச் செல்கின்றனர்.

பாறைக்குப் பெயர் தந்த ‘அந்நியன்’ படத்தின் கதை, ஒரே மனிதனுக்குள் மூன்று ஆளுமைகள் இருப்பதுதான். நடிகர் விக்ரம் ஏற்ற அந்த மூன்றையும் பார்வையாளர் தோற்றத்தாலேயே பிரித்தறிகின்றனர்.

● அம்பி: நெற்றியில் நாமம், படிய வாரிய குடுமி. விதிகளுக்குக் கட்டுப்பட்டு அடங்கிய மனம்.

● ரெமோ: வண்ணமேற்றிய முடி, நாகரிக உடை. அம்பி வெளிக்காட்டத் தயங்கும் காதல் ஆசை.

● அந்நியன்: முகத்தை மறைக்கும் நீண்ட முடி, கரிய உடை, இருண்ட சூழல். அடக்கிவைத்த கோபம்.

காவல் அதிகாரியாக வரும் பிரகாஷ்ராஜின் விசாரணைக் காட்சியில் இந்த உத்தி உச்சம் தொடுகிறது. அங்கே உடை மாற்றமே இல்லை. முடி முகத்தில் சரிந்தால் அந்நியன். விலகினால் நடுங்கும் அம்பி. குரலும் கண்களும் கூடவே மாறுவதால், ஒரே உடலுக்குள் இருவர் மோதுவது பார்ப்பவருக்கு நொடியில் விளங்கிவிடுகிறது.