ராஃபிள்ஸ் ஹோட்டல்ல நாம பார்க்கிறது எந்த வருஷம்?

சிங்கப்பூர் கிளம்புற நம்ம ஆட்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது: "ராஃபிள்ஸ் ஹோட்டல்ல தங்குற வசதி நமக்கு இல்ல. சும்மா உள்ள போய்ப் பார்க்க விடுவாங்களா? பார்க்க அங்க அப்படி என்னதான் இருக்கு?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிடலாம். விடுவாங்க. கடைகள், உணவகங்கள், மேல் தளத்துல இருக்கிற லாங் பார், இங்கெல்லாம் யார் வேணும்னாலும் போகலாம். தங்குறவங்களுக்கு மட்டும்னு பலகை வச்சிருக்கிற பக்கம் மட்டும் போகாதீங்க. சிட்டி ஹால் எம்ஆர்டி ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். வாசல்ல வெள்ளைச் சீருடையும் தலைப்பாகையுமா ஒரு சீக்கியர் நிப்பார். வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அவரோட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாலே வந்த வேலை முடிஞ்சிடும்.

ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்த எபிசோட்.

ஹோட்டல் இருக்கிற தெருவோட பேரு பீச் ரோடு. அங்க நின்னு பார்த்தா பீச் எங்கேயும் தெரியாது. ஒரு காலத்துல ஹோட்டலுக்கு எதிர்லயே கடல் இருந்தது. சிங்கப்பூர்ல கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கிட்டே போனதுல தண்ணி ரொம்ப தூரம் தள்ளிப் போயிடுச்சு. தெருப்பேரு மட்டும் மிச்சம்.

1887 டிசம்பர்ல, 10 அறை இருந்த ஒரு பங்களாவுல இந்த ஹோட்டலை ஆரம்பிச்சவங்க சார்க்கீஸ் சகோதரர்கள், ஆர்மீனியர்கள். பினாங்குல ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், ரங்கூன்ல ஸ்ட்ராண்ட், இதெல்லாமும் இவங்க ஹோட்டல்தான். மேப்ல இந்த மூணு ஊரையும் பாருங்க, மூணுமே நீராவிக் கப்பல் நிக்கிற துறைமுகம். அதே காலத்துல நாகப்பட்டினத்துல கப்பலேறின நம்ம ஆட்களும் பினாங்குலயும் சிங்கப்பூர்லயும்தான் இறங்கினாங்க. ஆனா அவங்க வந்தது டெக்ல. இந்த ஹோட்டல் அவங்களை நினைச்சுக் கட்டினது இல்ல.

இப்ப போட்டோல பார்க்கிற மூணு மாடி வெள்ளைக் கட்டடம் 1899ல வந்தது. வரைஞ்சது ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்துல இருந்த பிட்வெல். ஏசி இல்லாத காலத்துக் கட்டடம்ங்கிறதை மனசுல வச்சுக்கிட்டுப் பார்த்தா எல்லாமே புரியும். கூரை ரொம்ப உயரம், அதனால சூடான காத்து தலைக்கு மேல போயிடும். சுத்தி அகலமான தாழ்வாரம், அதனால வெயிலும் சாரலும் நேரா அறைக்குள்ள வராது. நம்ம ஊர்ப் பழைய வீட்டுத் திண்ணையும் முத்தமும் செய்யற வேலைதான், கொஞ்சம் பெரிய பட்ஜெட்ல.

அப்புறம் 1931ல கடன்ல மூழ்கினது, 1942ல ஜப்பான்காரங்க வந்து 'ஷோனான் ரியோகான்'னு பேரை மாத்தினது, போர் முடிஞ்சதும் விடுதலையான கைதிகளுக்குத் தற்காலிக முகாமா இருந்ததுன்னு பெரிய கதை இருக்கு. அதுக்குத் தனி எபிசோடே வேணும். நமக்கு இப்ப முக்கியம் 1989. தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு, ஹோட்டலை மூடிட்டு முழுசாப் புதுப்பிக்க ஆரம்பிச்சாங்க. 1991ல திறந்தாங்க.

நூறு வருஷப் பழைய கட்டடத்தைப் 'பழையபடி' ஆக்குறோம்னு சொன்னா, எந்தப் பழையபடி? அவங்க எடுத்துக்கிட்ட வருஷம் 1915, ஹோட்டல் உச்சத்துல இருந்த காலம்னு. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது சட்டுனு புரியும். கிட்ல பழைய கமிட் ஒண்ணுக்கு செக்அவுட் பண்ற மாதிரி. ஆனா அங்க அதுக்கப்புறம் வந்த கமிட் எல்லாம் பத்திரமா இருக்கும், எப்ப வேணா திரும்பிக்கலாம். கட்டடத்துல அது நடக்காது. 1920கள்ல முகப்புக்கு முன்னாடி ஒரு பெரிய நடன மண்டபம் கட்டியிருந்தாங்க. அது 1915ல இல்ல, அதனால இடிச்சாச்சு. அந்த இடத்துல பழைய வார்ப்பிரும்பு முகப்புப் பந்தலை மறுபடி செஞ்சு வச்சாங்க. அந்தப் பந்தலுக்குக் கீழ நின்னுதான் எல்லாரும் "எவ்வளவு பழசு பாரு"ன்னு படம் எடுக்கிறாங்க. இடிச்ச மண்டபத்துல அறுபது வருஷத்துக்கு மேல நிஜமாவே மனுஷங்க ஆடியிருக்காங்க. 1915ஐ நேர்ல பார்த்து ஞாபகம் வச்சிருக்கிறவங்களைவிட அந்த மண்டபத்தை ஞாபகம் வச்சிருக்கிறவங்கதான் அப்ப ஊர்ல அதிகமா இருந்திருப்பாங்க. என்னைக் கேட்டா, மண்டபத்தை விட்டிருக்கணும். முகப்பு அழகு கெட்டிருக்கும்னு எதிர்வாதம் வரும். கெட்டிருக்கும்தான்.

லாங் பாருக்கு வருவோம். நம்மள மாதிரி வெளியாட்கள் அதிகமாப் போறது இங்கதான். சிங்கப்பூர் ஸ்லிங் பிறந்த பார்னு சொல்லித்தான் கூட்டம் வருது. ஆனா பழைய லாங் பார் இருந்தது லாபி பக்கம். புதுப்பிச்சப்போ பக்கத்துல புதுசாக் கட்டின கடை வளாகத்துக்கு மாத்திட்டாங்க. உள் அலங்காரம் 1920கள் மலாயாத் தோட்டங்களை மனசுல வச்சுச் செஞ்சது. அதாவது 1915 ஹோட்டல்ல, 1920கள் தோட்டம், 1991 கட்டடத்துக்குள்ள.

அங்க உட்கார்ந்து மேல பாருங்க. ஓலை விசிறிகள் வரிசையா, ஒண்ணா முன்னும் பின்னும் ஆடும். மோட்டார்ல ஓடுது. மோட்டார் வர்றதுக்கு முன்னாடி பங்கா இழுக்கன்னே ஒரு ஆள் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். மலாயா ரப்பர்த் தோட்டம்னா, அதுல பால் வெட்டினவங்கள்ல பெரும்பங்கு தமிழர்கள். இந்த அலங்காரத்துல துரை பங்களாவோட மர வேலைப்பாடு இருக்கு, நாற்காலி இருக்கு, விசிறி இருக்கு. தொழிலாளி குடியிருந்த லயம் இல்ல. பார்ல லயத்தை ஏன் வைக்கப் போறாங்கன்னு கேப்பீங்க, நியாயம்தான். ஆனா தமிழ்ல பேசிக்கிட்டே அந்த நாற்காலில உட்காரும்போது எனக்கு அது ஞாபகம் வராம இருந்ததில்ல.

மேஜைல கோணிப்பையில வேர்க்கடலை இருக்கும். உரிச்சு தோலைத் தரையில போடலாம். வெளிய குப்பை போட்டா அபராதம் போடுற ஊர்ல, இங்க மட்டும் காலுக்கடியில தோல் நொறுங்குற சத்தம். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமா இருக்கும், மறைக்க மாட்டேன்.

ஸ்லிங் கதையும் கேளுங்க. ஹைனானைச் சேர்ந்த இங்யாம் டோங் பூன்ங்கிற பார் ஊழியர் 1915ல உருவாக்கினார்னு ஹோட்டல் சொல்லுது. பெண்கள் பொது இடத்துல மது குடிக்கிறது அழகில்லைன்னு நினைச்ச காலம், அதனால பழச்சாறு மாதிரித் தெரியற இளஞ்சிவப்பு நிறத்துல செஞ்சாராம். ஜின், செர்ரி மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சை எல்லாம் சேரும். ஜின் ஸ்லிங்கிற வகை அதுக்கு முன்னாடியே அந்த ஊர்ல இருந்ததுதான். ஆனா ஒரு துரை பேரு வச்ச ஹோட்டல்ல, இன்னைக்கும் பானத்தோட சேர்த்துச் சொல்ற பேரு ஒரு ஊழியரோடது. அது எனக்குப் பிடிச்சிருக்கு. மது குடிக்காதவங்களுக்கு ஆல்கஹால் இல்லாத வகையும் தருவாங்க.

புலிக் கதையும் உண்டு. 1902ல பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில ஒரு புலியைச் சுட்டது நிஜம். அறை தூண் மேல கட்டினது, புலி அதுக்குக் கீழ ஒளிஞ்சிருந்தது. காட்டுப் புலி இல்ல, சர்க்கஸ்ல இருந்து தப்பிச்சது. சில பேர் பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அடியிலன்னு சொல்வாங்க, நம்பாதீங்க.

கடைசியா பில். மெனுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா, 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்துக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 டாலர் முதல்ல 110 ஆகும், அப்புறம் 119 டாலர் 90 காசு. வரியை 100க்குப் போட்டு மனசுல 119னு வச்சிருந்தா 90 காசு இடிக்கும். நாலு பேர் போனா ரெண்டு ஸ்லிங் வாங்கிப் பகிர்ந்துக்கோங்க. கடலைக்குத் தனியா காசு கிடையாது.