தலைக்கு விலையில்லை, முத்திரைக்கு உண்டு

1880களில் வெளிவந்த விக்டோரியா மகாராணியின் அரை அணா அஞ்சல்தலை பச்சை நிறத்தில் இருக்கும். பழைய நாணயமும் ஸ்டாம்பும் விற்கிற கடைகளில் அது குவியலாகக் கிடக்கும். லண்டனில் இருந்த டி லா ரூ அச்சகம் இந்தியா முழுமைக்கும் கோடிக்கணக்கில் அடித்து அனுப்பிய சரக்கு. ஒன்றிரண்டு வாங்கச் சில ரூபாய் போதும். அதே தலை, ஒட்டப்பட்ட உறையோடு, ஏதோ ஒரு சிற்றூர்த் தபாலாபீசின் முத்திரை தெளிவாக விழுந்த நிலையில் ஏலத்துக்கு வந்தால் கதை வேறு. இரண்டு மூன்று பேர் விடாமல் விலை ஏற்றுவார்கள். அவர்கள் காசு கொடுப்பது மகாராணிக்கு அல்ல. அந்த ஊர் எழுத்தர் ஒரு நாள் காலையில் குத்திய கறுப்பு வட்டத்துக்குத்தான்.

தலை எல்லா ஊருக்கும் பொது. முத்திரைதான் எந்த ஊர், எந்த நாள் என்று சொல்கிறது. சிறிய ஊரில் கடிதம் எழுதியவர்கள் குறைவு, வந்ததைப் பத்திரப்படுத்தியவர்கள் அதைவிடக் குறைவு, கரையானுக்கும் மழைக்கும் தப்பியது இன்னும் குறைவு. அபூர்வம் என்பது இப்படித்தான் உண்டாகிறது. பம்பாய் முத்திரை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஒரு தாலுகா கிராமத்தின் முத்திரையைச் சிலர் ஆயுள் முழுக்கத் தேடுகிறார்கள்.

தேதி முத்திரை பிறந்ததே ஒரு புகாருக்குப் பதிலாகத்தான். இங்கிலாந்தில் கடிதங்கள் தாமதமாக வருகின்றன என்று மக்கள் குறைப்பட்டபோது, அஞ்சல் தலைவராக இருந்த ஹென்றி பிஷப் 1661 இல் சிறு வட்டத்துக்குள் நாளையும் மாதத்தையும் பொறிக்கும் முத்திரையைக் கொண்டுவந்தார். கடிதம் எங்கே தங்கியது என்று இனிக் கேட்கலாம். தலையைச் செல்லாததாக்கும் வேலை 1840 இல்தான் முத்திரைக்கு வந்து சேர்ந்தது. உலகின் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக்கின் மேல் முதலில் சிவப்பு மையில் குத்தினார்கள். கறுப்பின் மேல் சிவப்பு சரியாகத் தெரியவில்லை. சிலர் அதை அழித்துவிட்டு மறுபடியும் ஒட்டினார்கள். அடுத்த ஆண்டே தலை சிவப்பாகி, முத்திரை கறுப்பாயிற்று.

சென்னைத் தலைமை அஞ்சலகம் 1786 இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கியது. இங்கே அஞ்சல்தலை வருவதற்கு இன்னும் ஏறக்குறைய எழுபது ஆண்டு இருந்தது. அதுவரை கடிதத்தின் எடைக்கும் போகிற தூரத்துக்கும் ஏற்பக் கட்டணம். அனுப்புகிறவரும் கட்டலாம், வாங்குகிறவர் தலையிலும் கட்டலாம். கட்டியாகிவிட்டால் சிவப்பு மை, கட்டவில்லை என்றால் கறுப்பு மை என்பது பொதுவான வழக்கம். அந்தக் காலத்து மடித்த கடிதங்களில் தலை எதுவும் இருக்காது. ஊர்ப் பெயர் பொறித்த முத்திரையும் பேனாவால் கிறுக்கிய கட்டணமும் மட்டுமே இருக்கும். டிரிச்சினாப்பள்ளி, டின்னவெல்லி, நெகபட்டாம், டான்ஜூர் என்று வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி ஊர்ப் பெயர்கள் இருக்கும். ஒரே ஊருக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் புழங்கியதும் உண்டு. எது எந்த ஆண்டுகளில் புழங்கியது என்று தெரிந்தவர், தேதி இல்லாத கடிதத்துக்கும் ஏறக்குறைய ஒரு காலத்தைச் சொல்லிவிடுவார்.

1854 அக்டோபர் 1 ஆம் தேதி இங்கும் அஞ்சல்தலை வந்து எல்லாம் மாறிற்று. கால் தோலா எடை, அதாவது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவான கடிதம், இந்தியாவுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் அரை அணா. தலை ஒட்டாமல் போட்டால் வாங்குகிறவர் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். நம் வீடுகளில் ‘பேரிங் லெட்டர்’ என்று சொல்லி அலுத்துக்கொண்டது அதைத்தான்.

அதற்கடுத்த சில ஆண்டுகளில் வந்த முத்திரைகள் சேகரிப்பாளரைக் கொஞ்சம் சோதிப்பவை. தலையின் மேல் ஊர்ப் பெயர் இருக்காது. கோடுகளாலோ புள்ளிகளாலோ ஆன வடிவத்துக்குள் ஓர் எண் மட்டும் இருக்கும். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஓர் எண் ஒதுக்கியிருந்தார்கள். இந்தியத் தலை ஒன்றின் மேல் பி 172 என்று இருந்தால், அது புறப்பட்ட இடம் வங்காளத்தில் ஏதோ ஒரு மூலை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது சிங்கப்பூர். 1867 வரை சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் இந்திய அரசின் கீழ் இருந்தன. இந்தியத் தலைகள்தான் அங்கே புழங்கின. பினாங்கின் எண் பி 147, மலாக்காவின் எண் பி 109. உறையிலிருந்து பிரித்தெடுத்த தலையில் இந்த எண்ணின் பாதி மட்டும் விழுந்திருந்தால் அது ஒரு புதிர்தான். முழு உறை இருந்தால் புதிரே இல்லை. பக்கத்திலேயே ஊர்ப் பெயரும் தேதியும் உள்ள இன்னொரு முத்திரை இருக்கும்.

சிற்றூருக்கு அஞ்சலகம் வந்த விதத்திலும் ஒரு சுவை உண்டு. மேலே தலைமை அஞ்சலகம், அதன் கீழ் துணை அஞ்சலகம், அதன் கீழ் கிளை அஞ்சலகம். கிளை அஞ்சலகத்தைப் பல ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியாரே கூடுதல் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிதாக ஓர் ஊரில் அலுவலகம் திறக்கும்போது, அது தேறுமா தேறாதா என்று பார்க்கப் பரிசோதனை அலுவலகமாகத் தொடங்குவார்கள். அதற்கென்று ஊர்ப் பெயர் பொறித்து முத்திரை செய்ய மாட்டார்கள். ‘எக்ஸ்பெரிமெண்டல் பி.ஓ.’ என்ற சொற்களும் ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள முத்திரை ஒன்று வரும். வரும்படி போதுமானதாக இருந்தால் ஊர்ப் பெயரோடு நிரந்தர முத்திரை கிடைக்கும். இல்லையென்றால் கடை மூடப்படும். எந்த எண் எந்த ஊருக்குப் போனது என்பதைப் பழைய அஞ்சல் அறிவிப்புகளையும் முழு உறைகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே மிகவும் சுவாரஸ்யமான வேட்டை இதுதான். பெரிய பணம் தேவையில்லை. பொறுமையும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர் உறைகளில் உலகச் சந்தைக்கே பழக்கமானவை செட்டிநாட்டு உறைகள். பர்மா, மலேயா, இந்தோசீனம், இலங்கை ஆகிய நாடுகளின் அஞ்சல் வரலாற்றைச் சேகரிக்கும் வெளிநாட்டவர் பலருக்கு நம் ஊர் அரசியல் தெரியாது, தேவகோட்டையும் காரைக்குடியும் தெரியும். காரணம் எளிது. நகரத்தார் லேவாதேவிக் கடைகள் கடல் கடந்து இருந்தன. முதலாளி வீடு இங்கே இருந்தது. கடைப் பொறுப்பிலிருந்த ஏஜெண்டு வாரா வாரம் கணக்கும் வட்டிச் சிட்டையும் உண்டியலும் அனுப்பியாக வேண்டும். வந்த கடிதத்தைக் கம்பியில் குத்தி வைப்பதும் கட்டாகக் கட்டிப் பெட்டகத்தில் வைப்பதும் வீட்டு வழக்கம். கணக்கு மனிதர்கள் காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள். அந்தக் கட்டுகள் இரண்டு மூன்று தலைமுறை கழித்துப் பழைய சாமான் கடைகளுக்கும், அங்கிருந்து ஏலக்கூடங்களுக்கும் போயின.

அப்படி ஓர் உறையை எடுத்துப் பார்த்தால் முகவரியே தனி அழகு. தமிழில் மேலே பிள்ளையார் சுழி. கீழே ஆனா, ரூனா, மானா என்று வரிசையாக விலாசத்து எழுத்துகள். அதற்குப் பிறகுதான் பெயரும் ஊரும். அனுப்பியவர் பக்கம் ரங்கூனின் மொகல் தெரு என்றோ, சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு என்றோ இருக்கும். மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு மேசைப் பெட்டியோடு உட்கார்ந்து தொழில் செய்த இடம். பென்சிலால் எழுதிய கப்பல் பெயர் சில உறைகளில் இருக்கும்.

உறையைத் திருப்பினால் விஷயம் இன்னும் கூடுகிறது. அந்தக் காலத்தில் கடிதம் போய்ச் சேர்ந்த ஊரிலும், பல சமயம் வழியில் தங்கிய ஊரிலும் பின்பக்கம் முத்திரை குத்துவார்கள். பினாங்கிலிருந்து கப்பலில் வந்தது நாகப்பட்டினத்தில் இறங்கும். ரங்கூன் கடிதம் சென்னை வழியாக வரும். முன்பக்கத் தேதியையும் பின்பக்கத் தேதியையும் கழித்துப் பார்த்தால், 1900 இல் ரங்கூனிலிருந்து ஒரு செட்டிநாட்டு ஊருக்குக் கடிதம் வர எத்தனை நாள் ஆயிற்று என்பது தெரிந்துவிடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், நாச்சாந்துபட்டி போன்ற ஊர்களின் பழைய முத்திரைகள் கிடைப்பது பெரும்பாலும் இப்படி உறைகளின் முதுகில்தான். முன்பக்கத் தலைக்காக உறையை வாங்கி, முதுகைக் கவனிக்காமல் விட்டவர்கள் நிறைய.

1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்தே இருந்தது. ஆகவே ரங்கூனிலிருந்து காரைக்குடிக்குப் போட்ட கடிதம் உள்நாட்டுக் கடிதம்தான். தலையும் இந்தியத் தலைதான். அந்த நாளிலிருந்து பர்மா என்று மேலச்சு இட்ட தலைகள் வந்தன. பிறகு போர். உறைகளில் தணிக்கை முத்திரைகளும், பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிய சீட்டுகளும் பெருகுகின்றன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியரிடம் விழுந்ததும் கட்டு அறுந்துபோகிறது. கடைசி வாரங்களில் அனுப்பியவை, அனுப்ப முடியாமல் திரும்பி வந்தவை இவற்றுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. குடும்பச் சொத்து முழுவதையும் பர்மாவில் விட்டுவிட்டு நடந்தே வந்தவர்களின் கதை நமக்குத் தெரியும். அது நடந்த தேதியை அந்த உறைகள் சொல்கின்றன.

தெற்கே இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரின் பகுதி, பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. அங்கே அரசரின் சொந்த அஞ்சல் இருந்தது. சங்குச் சின்னம் பொறித்த தலைகள் 1888 இல் வந்தன. மணி கட்டிய கோலோடு ஓடிவரும் அஞ்சலோட்டக்காரருக்கு எல்லாரும் வழிவிட வேண்டும். நாகர்கோவிலில் அரசர் அஞ்சலும் பிரிட்டிஷ் இந்தியத் தபாலும் அருகருகே இயங்கின. திருவிதாங்கூர், கொச்சிக்குள் போக ஒன்று, வெளியே போக மற்றொன்று. 1951 இல் இரண்டும் ஒன்றாயின. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் இதே போல பிரெஞ்சு அஞ்சலகத்தோடு பிரிட்டிஷ் அஞ்சலகமும் இருந்தது. இரண்டு அரசுகளின் முத்திரையும் ஒரே ஊரிலிருந்து சேர்ப்பது எல்லைப்புற ஊர்க்காரருக்குக் கிடைத்த வசதி.

ஊரே இல்லாமல் போன முத்திரை ஒன்றும் நம்மிடம் உண்டு. 1914 இல் பாம்பன் பாலம் திறந்தபின் இலங்கைக்குப் போகும் கப்பல் தனுஷ்கோடியிலிருந்து புறப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தது. அஞ்சலகத்தின் சுவர்கள் மணலில் நிற்கின்றன. அதன் முத்திரை விழுந்த உறை இனி ஒன்றுகூடப் புதிதாக உண்டாகப் போவதில்லை.

விலை ஏறினால் போலியும் வரும். நல்ல தலை ஒன்றை வேறு ஓர் உறையில் ஒட்டி விற்பது பழைய தந்திரம். முத்திரையின் வட்டம் தலையிலிருந்து உறைக்குத் தடங்கல் இல்லாமல் தொடர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு கட்டணம்: அந்த ஆண்டில் அந்த எடைக்கு அந்தத் தொகைதானா? பிறகு வழி: அந்த ஊருக்குப் போக வேண்டிய கடிதம் இந்த ஊர் வழியாக ஏன் வந்தது? அலுவலகம் திறப்பதற்கு முந்தைய தேதியோடு முத்திரை போட்ட உறைகளையும் விற்றிருக்கிறார்கள். பழைய அஞ்சல் வழிகாட்டிகளில் அந்தந்த ஆண்டின் அலுவலகப் பட்டியல் இருக்கும். சந்தேகம் வந்தால் அதைத்தான் புரட்ட வேண்டும்.

நம் ஊரில் போலியைவிடப் பெரிய எதிரி நல்லெண்ணம். தாத்தாவின் கடிதம் என்று பாசத்தோடு லேமினேட் செய்துவிடுகிறார்கள். அதற்குமேல் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும் அப்படித்தான், சில ஆண்டுகளில் காகிதத்தில் பழுப்புக் கறை ஏறிவிடும். ஓரத்தை நான்கு காகித மூலைகளில் செருகி வைத்தால் போதும். எந்த வீட்டுக் கட்டிலிருந்து வந்தது என்பதைத் தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். ஒரே வீட்டுக் கட்டு பிரியாமல் இருந்தால் அதன் மதிப்பு, பிரித்து விற்ற உறைகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம். வியாபாரிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் விக்டோரியா காலத்துக்குப் போக வேண்டியதில்லை. தன் தாலுகாவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 1947 க்கு முன், 1972 இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபின், இன்று என்று ஒவ்வொரு கிளை அஞ்சலகத்துக்கும் மூன்று முத்திரை சேர்க்கப் பார்த்தாலே பல வருட வேலை இருக்கிறது. அந்த மூன்றில் ‘இன்று’ என்பதுதான் சீக்கிரம் நழுவும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. கவுண்டரில் பார்கோடு சீட்டு ஒட்டுகிற இடத்தில் முத்திரைக்கு வேலை குறைகிறது. ஆகவே இந்த வாரமே உங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்துக்குப் போங்கள். உங்கள் பெயருக்கே ஓர் அட்டை எழுதி, “சார், சீலைக் கொஞ்சம் தெளிவாகக் குத்துங்க” என்று கேட்டுப் பெட்டியில் போடுங்கள். அஞ்சலட்டையின் விலை இன்னும் 50 காசுதான்.