மின் சிகரெட் திரவம்: நாள்பட்டால் குப்பிக்குள் நிகழும் மாற்றம் என்ன?

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ள மின் சிகரெட்டுகளில் நிரப்பப்படும் நறுமணத் திரவம், குப்பியில் அடைக்கப்பட்ட பின்னரும் வேதியியல் மாற்றங்களுக்கு உள்ளாகிறது. நாள்கள் செல்லச் செல்ல அதன் மணமும் சுவையும் மட்டுமின்றி, அதில் அடங்கியுள்ள சேர்மங்களும் மாறுகின்றன.

புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் ஆகிய கரைப்பான்களுடன் நறுமணப் பொருள்களும் பெரும்பாலும் நிகோடினும் கலந்ததே இத்திரவம். இதைச் சில வாரங்கள் இருட்டில் வைத்திருந்தால் சுவை 'முதிரும்' என்று பயன்படுத்துவோர் பலர் நம்புகின்றனர். காத்திருக்க விரும்பாதோர் குப்பியை வெந்நீரில் வைத்தோ, நெடுநேரம் குலுக்கியோ, மீயொலிக் கருவியில் இட்டோ அதே பலனைப் பெற முயல்கின்றனர்.

இங்கு இரு வேறு நிகழ்வுகள் உள்ளன. முதலாவது கலத்தல். கிளிசரின் மிகவும் பிசுபிசுப்பானது என்பதால் நறுமணப் பொருள்கள் அதில் சீராகப் பரவ நேரமாகிறது. குலுக்குவதும் இளஞ்சூடாக்குவதும் இதனை விரைவுபடுத்துகின்றன. மூடியைத் திறந்து வைத்தால் எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் வெளியேறுகின்றன. இதனால் நெடி குறைந்தாலும் மணத்தின் ஒரு பகுதியும் அதனுடன் சென்றுவிடுகிறது.

இரண்டாவது வேதிவினை. வெனிலா மணம் தரும் வெனிலின், செர்ரி, பாதாம் மணம் தரும் பென்சால்டிஹைடு, இலவங்கப்பட்டை மணம் தரும் சின்னமால்டிஹைடு ஆகியவை ஆல்டிஹைடு வகையைச் சேர்ந்தவை. இவை புரோப்பிலீன் கிளைகாலுடன் வினைபுரிந்து 'அசிட்டால்' எனப்படும் புதிய சேர்மங்களை உருவாக்குகின்றன. அமெரிக்காவின் யேல், டியூக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வினை அறை வெப்பநிலையிலேயே நிகழ்கிறது. உருவாகும் அசிட்டால்களில் 50 முதல் 80 சதவீதம் வரை உள்ளிழுக்கப்படும் ஆவியில் கலக்கிறது. சுவாசப் பாதையில் எரிச்சலைத் தூண்டும் நரம்பு உணர்விகளை இவை மூல நறுமணப் பொருள்களைவிடத் தீவிரமாகச் செயல்படுத்துவதும் ஆய்வகச் சோதனையில் கண்டறியப்பட்டது.

திரவம் பழுப்பு நிறமாவதைத் தரத்தின் அடையாளமாகக் கருதுவது தவறு. காற்று, ஒளி, வெப்பம் ஆகியவற்றால் நிகோடின் ஆக்சிஜனேற்றம் அடைவது அந்நிற மாற்றத்துக்கு முக்கியக் காரணமாகும்.

வெண்ணெய்ச் சுவைக்காகச் சேர்க்கப்படும் அசிட்டோயின், காலப்போக்கில் டைஅசிட்டைலாக மாறக்கூடும். உணவில் அனுமதிக்கப்பட்ட இந்தச் சேர்மத்தின் ஆவியைச் சுவாசித்த அமெரிக்க பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களிடம் கடும் நுரையீரல் நோய் கண்டறியப்பட்டிருந்தது. உண்பதற்குப் பாதுகாப்பான பொருள் சுவாசிப்பதற்கும் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது என்பதை இது உணர்த்துகிறது.

குப்பியின் மேலுள்ள குறிப்பு, தயாரிப்பின்போது என்ன சேர்க்கப்பட்டது என்பதை மட்டுமே கூறும். பின்னர் என்ன உருவானது என்பதைக் கூறாது. மறைமுகமாக விற்கப்படும் குப்பிகளில் தயாரிப்புத் தேதியையோ உட்பொருள் விவரத்தையோ சரிபார்க்கவும் வழியில்லை.

மின் சிகரெட் தடைச் சட்டத்தின்படி, அவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறையோ ரூ.1 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் குற்றம் புரிந்தால் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படும்.