சவரத் தூரிகைக் கைப்பிடி கடைசல்

சவரத் தூரிகைக் கைப்பிடி கடைசல் என்பது, சவரம் செய்யச் சோப்பு நுரை எழுப்பும் தூரிகையின் கைப்பிடியை மரம், ரெசின் எனப்படும் செயற்கைப் பிசின் அல்லது இவ்விரண்டும் இணைந்த கட்டையிலிருந்து கடைந்தெடுக்கும் கைவினை ஆகும். கட்டில் கால், பூரிக்கட்டை ஆகியவற்றைக் கடையும் முறையே இதற்கும் அடிப்படை. ஆனால் இக்கைப்பிடி நாள்தோறும் வெந்நீரிலும் சோப்பிலும் நனைவதால், நீரைத் தாங்கும் திறனே பொருள் தேர்வையும் செய்முறையையும் தீர்மானிக்கிறது.

அமைப்பு

தூரிகையில் மயிர்க் கொத்து, கைப்பிடி என இரு பகுதிகள் உண்டு. கொத்து பன்றி, குதிரை, பேட்ஜர் ஆகிய விலங்குகளின் முடியாலோ செயற்கை இழையாலோ ஆனது. அதன் அடிப்பகுதியின் விட்டம் பெரும்பாலும் 20 முதல் 26 மி.மீ. வரை இருக்கும். கைப்பிடியின் தலையில் அதே அளவில் துளைத்த குழியில் கொத்து ஒட்டப்படுகிறது. குழியைச் சுற்றியுள்ள மெல்லிய விளிம்பே கைப்பிடியின் பலவீனமான இடம்.

மரம்

மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலரும்போது சுருங்கும். இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் விளிம்பில் வெடிப்பு விழும். அதனால் நன்கு உலர்ந்த, நெருக்கமான இழையோட்டம் கொண்ட மரமே ஏற்றது. கருங்காலி, ஈட்டி முதலியவை இவ்வகையின. வெண்ணிறமான வெட்பாலை மரம் கடைசலுக்குப் பெயர் பெற்றது. இது சேலம், மேட்டூர் பகுதி மலைகள் உள்ளிட்ட வறண்ட இலையுதிர் காடுகளில் வளர்கிறது.

அரக்கும் ரெசினும்

மரத்தையும் பிசினையும் கடைசலில் இணைப்பது தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களும் கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைகளும் இம்முறையில் வண்ணம் பெறுபவை. சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வு வெப்பத்தால் அரக்கு உருகிப் பரவுகிறது. அரக்கு, பூச்சி சுரக்கும் இயற்கைப் பிசின். எனினும் அது வெப்பத்தில் இளகும், காரத்தில் கரையும். சோப்பு காரத்தன்மை உடையதால், பொம்மைக்குப் பொருந்தும் அரக்கு சவரத் தூரிகைக்குப் பொருந்தாது.

எபாக்சி, பாலியெஸ்டர், பாலியூரித்தேன் போன்ற செயற்கை ரெசின்கள் இறுகிய பின் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். திரவ ரெசினுடன் கடினமாக்கியையும் நிறமியையும் கலந்து அச்சில் ஊற்றிக் கட்டையாக்குவர். காற்றுக் குமிழிகளைக் குறைக்க அழுத்தக் கலத்தில் வைப்பதுண்டு. மரத்துண்டைச் சேர்த்து வார்ப்பதாயின், அத்துண்டு முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பாலியூரித்தேன் அதனுடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை வெளியிட்டு நுரைத்துவிடும்.

செய்முறை

கட்டையின் மையத்தைக் குறித்து முதலில் குழி துளைக்கப்படுகிறது. பின்னர் அக்குழியைப் பிடிமானமாகக் கொண்டு கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, உளியால் உருளையாக்கி, இடுப்புப் போன்ற வளைவைச் செதுக்குவர். நுரை படிந்த ஈரக் கை வழுக்காமல் பிடிக்க அவ்வளைவு உதவுகிறது. ரெசின் கட்டைக்கு உளி கூர்மையாக இருப்பது மிக முக்கியம். மழுங்கிய உளி அதன் மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும்.

கடைந்தபின் முரடானதிலிருந்து மென்மையானது வரை உப்புத்தாள்களால் தேய்ப்பர். ரெசினுக்குப் பளபளப்பேற்றும் பசை போதுமானது. மரத்துக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் போன்ற நீர்புகாப் பூச்சு தேவை. அதைக் குழியின் உட்புறத்திலும் பூச வேண்டும். வெளிப்புறம் மட்டும் பூசினால் நீர் உள்ளிருந்து ஊறும். இறுதியாக, மயிர்க் கொத்து எபாக்சி அல்லது சிலிக்கோன் பசையால் ஒட்டப்படுகிறது.

பாதுகாப்பு

மரத்தூளும் ரெசின் தூளும் மூச்சுக்குழாய்க்குக் கேடானவை. இறுகாத எபாக்சி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை ஆகியவை தேவை. ஆனால் கடையும்போது கையுறையைக் கழற்றிவிட வேண்டும். கையுறையும் தொங்கும் துண்டும் சுழலும் கட்டையில் சிக்கக்கூடும்.

பராமரிப்பு

பயன்படுத்தும்போது தூரிகையின் மயிர்ப் பகுதியை மட்டும் நீரில் நனைப்பதும், பின்னர் அலசி உதறிக் காற்றில் உலரவிடுவதும் கைப்பிடியின் ஆயுளை நீட்டிக்கும்.