செம்பு கும்பமாகும் கலை

நீர் மொள்ளவும் பால் காய்ச்சவும் அன்றாடம் கையாளும் செம்புதான். துலக்கிப் பொட்டிட்டு, நுனி வாழையிலையில் பரப்பிய பச்சரிசியின்மேல் இருத்தியதும் அது கும்பமாகிவிடுகிறது. மந்திரம் தெய்வத்தை எழுந்தருளச் செய்கிறது. எழுந்தருளுதற்குரிய திருமேனியை அலங்காரம் அமைக்கிறது.

யாகசாலைக் கும்பங்களில் சிவாசாரியார்கள் நூல் சுற்றும் நேர்த்தியைக் கண்டிருப்பீர்கள். ஒன்றையொன்று குறுக்கிடும் இழைகள் சாய்சதுரக் கட்டங்களாகின்றன. கட்டங்கள் வயிற்றில் விரிந்து கழுத்தில் குறுகுவதால், குடத்தின் வளைவு எடுப்பாகத் தெரிகிறது. கும்பத்தை உடலாகவும், நூலை நாடிகளாகவும், தேங்காயைத் தலையாகவும், மாவிலையைக் கேசமாகவும் பெரியோர் கூறுவர். அழகும் பொருளும் இங்கே ஒன்றே.

வீட்டில் வரலட்சுமி நோன்புக்குக் கலசம் வைப்போர் மனங்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, அளவு. தேங்காய் செம்பின் வாயில் பாதியளவேனும் மேலே நிற்க வேண்டும். சிறிதானால் உள்ளே அமிழும், பெரிதானால் சாயும். இரண்டாவது, சமநிலை. ஐந்து அல்லது ஏழு மாவிலைகளை ஒரே நீளத்தில் தேர்ந்து, சம இடைவெளியில் நுனி வெளிநோக்கச் செருகுக. நீர்க் கலசமாயின் காம்பு நீரில் படட்டும், இலை வாடாது. மூன்றாவது, நிறம். மாவிலையின் பசுமைக்கு மேல் தேங்காயின் மஞ்சள், அதன் நடுவே குங்குமச் செம்மை. இம்மூன்றுமே போதும். அளவுக்கு மீறிய நகையும் சரிகையும் கலசத்தின் வடிவையே மறைத்துவிடும்.

கோயிற் சுவர்களில் காணும் கும்பபஞ்சரத்தை ஒருமுறை நின்று நோக்குங்கள். குடத்தின் வாயிலிருந்து ஒரு தூண் எழுந்து மாடத்தைத் தாங்குகிறது. எளிய குடத்தில் நிறைவைக் கண்ட அதே மனம்தான் அங்கே கல்லில் பேசுகிறது.

இன்று நெகிழி மாவிலையும் ஒட்டிய முத்தும் கொண்ட ஆயத்தக் கலசங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவசர வாழ்வில் அவற்றை நாடுவோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், பாட்டி இலை அடுக்க, பேத்தி குங்குமமிட, ஒரு தலைமுறையின் கைப்பழக்கம் மறுதலைமுறைக்குச் செல்லும் அந்த ஒரு மணி நேரம் கடையில் கிடைப்பதன்று. ஓராண்டு விட்டால் மறக்கும். ஒரு தலைமுறை விட்டால் கற்பிக்க ஆளிருக்காது.

பூசை நிறைந்தபின் கலச நீரை மாவிலையால் வீடெங்கும் தெளிக்கிறோம். அரிசி பொங்கலாகிறது, தேங்காய் பாயசத்தில் சேர்கிறது. செம்பு மீண்டும் சமையலறைக்கே திரும்புகிறது. மறுநாள் அதில் நீர் மொள்ளும் கை, சற்றே மரியாதையுடன் அதைப் பற்றும்.