தவளை மலை நகரில் இரண்டு நாட்கள்

"தோழிமாரோடு ஒரு மலை ஊருக்குப் போய் வரட்டுமா?" என்று உங்கள் மகள் கேட்டால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் சகோதரிகளே? யார் யார் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்றுதானே! மெக்ஸிக்கோ தலைநகரில் மாணவியாக இருந்த காலத்தில் நானும் இந்த மூன்றுக்கும் உம்மாவுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டுத்தான் குவானாஹுவாத்தோவுக்கு பஸ் ஏறினேன். நாங்கள் ஐந்து பேர். மூவர் அந்த நாட்டுப் பிள்ளைகள். ஒருத்தி மொரோக்கோவைச் சேர்ந்தவள்.

பஸ்ஸில் சுமார் ஐந்து மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2000 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைப் பள்ளத்தாக்கில் ஊர் இருக்கிறது. மஞ்சள், நீலம், செம்மண் நிறம் என்று வீடுகள் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஊரின் பெயருக்குப் பழங்குடி மக்களான புரேபெச்சாக்களின் மொழியில் தவளை மலை என்று பொருள். வந்து இறங்கியதும் எங்களுக்கு ஆச்சரியம், வாகனங்களைக் காணோம்! அவை நிலத்துக்கு அடியில் ஓடுகின்றன. ஊர் நடுவே ஓடிய ஆறு 1905 இல் பெருக்கெடுத்துப் பேரழிவு செய்தது. பிறகு ஆற்றைத் திசை திருப்பினார்கள். வற்றிய ஆற்றுப் படுகைதான் 1960களில் கல் வளைவுகளோடு கூடிய சுரங்கத் தெருவாயிற்று. மேலே இருப்பதெல்லாம் நடைபாதைகளும் படிக்கட்டுகளும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்ற ஊரல்ல.

இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது? வெள்ளியிலிருந்து. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் இங்கே வெள்ளியைக் கண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வூரின் வலென்சியானா சுரங்கம் உலகிலேயே பெரும் வெள்ளிச் சுரங்கங்களுள் ஒன்று. ஒரு சுரங்கக் குழி 600 மீற்றர் ஆழம். அதற்கு நரகத்தின் வாய் என்று பெயர். அதனுள் இறங்கியவர்கள் கூலியாட்கள். மேலே பொன் முலாம் பூசிய தேவாலயம் கட்டியவர்கள் முதலாளிமார்.

இனி உங்களுக்கு ஒரு சுவையான செய்தி. ஊரின் மிகப் புகழ்பெற்ற கட்டடத்துக்கு 'அல்ஹொந்திகா' என்று பெயர். பலகையைப் படித்த மொரோக்கோத் தோழி கைகொட்டிச் சிரித்தாள். அது அரபியின் 'அல்ஃபுந்துக்' அல்லவா! வணிகர் தங்கிச் சரக்கு வைக்கும் இடத்தைக் குறிக்கும் சொல், ஸ்பெயினில் முஸ்லிம்கள் வாழ்ந்த நூற்றாண்டுகளில் அந்நாட்டு மொழிக்குள் புகுந்து, கடல் கடந்து இங்கே தானியக் களஞ்சியத்தின் பெயராகி நிற்கிறது. அதன் பிறகு எங்களுக்கு இதே வேலையாகிவிட்டது. சீனிக்கு 'அசுக்கார்', எண்ணெய்க்கு 'அசெய்த்தே', தலையணைக்கு 'அல்மொஹாதா'. எல்லாம் அரபியின் பிள்ளைகள். "அப்படியே நடக்கட்டும்" என்று மெக்ஸிக்கோத் தாய்மார் பெருமூச்சோடு சொல்லும் 'ஒஹாலா'வும் அல்லாஹ் நாடினால் என்ற பொருளில் பிறந்ததுதான். இதைக் கேட்ட மற்ற மூவரும் வாயடைத்துப் போனார்கள்.

1810 செப்டெம்பர் 28 அன்று, விடுதலைக்காக எழுந்த மக்கள் இந்தக் களஞ்சியத்தை முற்றுகையிட்டார்கள். முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு குண்டுமழையில் தவழ்ந்து சென்று கதவுக்குத் தீ வைத்த ஒரு சுரங்கத் தொழிலாளியைப் பற்றிய கதை அங்கே குழந்தைக்கும் தெரியும். அவனுக்கு மலைமேல் பெரிய சிலை உண்டு. அடுத்த ஆண்டு தலைவர்கள் நால்வரின் தலைகளைக் கொய்து, கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் கூண்டுகளில் தொங்கவிட்டார்கள். 1821 வரை அவை அங்கேயே இருந்தன.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோள ரொட்டியை மிளகாய்க் குழம்பில் தோய்த்துப் பொரித்து, மேலே உருளைக்கிழங்கும் கரட்டும் போட்டுத் தருவார்கள்; சுரங்கத் தொழிலாளர் உணவாம். நம் நாவுக்கு ஏற்ற உறைப்பு. ஆனால் பொரிப்பது பன்றிக் கொழுப்பிலும் இருக்கலாம். அவரைக் கறியிலும் அது சேரும். "மன்தேக்கா இருக்கிறதா?" என்று கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். இரவில் பழைய ஸ்பானிய உடையணிந்த பல்கலைக்கழக மாணவர்கள் கிட்டார் வாசித்தபடி சந்துசந்தாக முன்னே செல்ல, ஊரே பின்னால் போகும். சந்துகளில் ஒன்று மிகவும் ஒடுங்கியது.

மறுநாள் காலையில்தான் எங்களுக்குள் பிணக்கு வந்தது. ஊரின் மையவாடி அருகே ஒரு நூதனசாலை. அங்கே வைத்திருப்பது மனித உடல்களை. எகிப்தைப் போல மருந்திட்டவை அல்ல. மையவாடிச் சுவரின் அறைகளில் வைக்கப்பட்ட மையித்துகள், வறண்ட காற்றில் உலர்ந்து கெடாமல் இருந்தவை. அறைக்கு வரி கட்ட வேண்டும். உறவினர் கட்டாவிட்டால் உடலை வெளியே எடுத்துவிடுவார்கள். 1865 இல் முதலில் எடுக்கப்பட்டவர் ரெமிஹியோ லெரோய் என்ற பிரெஞ்சு வைத்தியர். தொடர்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர். 1958 இல்தான் இவ்வழக்கம் நின்றது. சுருங்கச் சொன்னால், வரி கட்ட ஆளில்லாதவர்கள் காட்சிப் பொருளானார்கள்.

மொரோக்கோத் தோழி உள்ளே வர மறுத்துவிட்டாள். இறந்தவரின் கண்ணியம் போகும் இடத்துக்குப் பணம் கொடுத்து டிக்கட் வாங்க மாட்டேன் என்றாள். மெக்ஸிக்கோத் தோழி ஒருத்திக்குக் கோபம். மரணத்தை நாங்கள் ஒளித்து வைப்பதில்லை, பள்ளிக்கூடத்தாலேயே எங்களை இங்கே கூட்டி வந்தார்கள் என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆவலும் இருந்தது, மறைப்பானேன். உள்ளே போனேன்.

பெரியவர்களைப் பார்த்தபோது தாங்கிக்கொண்டேன். அடுத்து, சின்னஞ்சிறு பிள்ளைகள். இறந்த குழந்தைக்குப் புனிதர் உடை உடுத்தி அடக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஒரு தாய் கைபட உடுத்திய சட்டை, கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் அப்படியே. நான் பாதியில் வெளியே வந்துவிட்டேன். வாசலில் உலர்ந்த உடல் வடிவில் இனிப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

2024 இல் இதே நூதனசாலையைப் பற்றிய செய்தி வந்தது. புதுப்பிப்பு வேலையின்போது ஓர் உடலின் கை கழன்றுவிட்டது என்று அந்நாட்டின் தேசிய மானிடவியல் வரலாற்று நிறுவனம் குறைகூறியிருந்தது. அன்று உம்மாவிடம் சுரங்கத் தெருவையும் அரபுச் சொற்களையும் பற்றித்தான் சொல்லியிருந்தேன். இந்தச் செய்திக்குப் பிறகுதான் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். உம்மா ஏசவில்லை. "அந்தப் புள்ளக்கிப் பேர் எழுதி இருந்தாங்களா மகள்?" என்று கேட்டார்.

பார்த்த நினைவு எனக்கில்லை.